பேன்ஷிக்குப் பைப் வாங்குவதற்கு முன்

கேள்வி இதுதான். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் ஒரு தம்பி, பல வருடம் யமஹா ஆர்எக்ஸ்ஸெட் பைக் ஓட்டியவர், ஒரு பழைய யமஹா பேன்ஷி 350 குவாடு, அதாவது மண் பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி, வாங்கி ஜோகூரில் கூலாய் பக்கம் நண்பர் வீட்டில் நிறுத்தியிருக்கிறார். மாதம் ஒருமுறை, இரண்டுமுறை போய்ச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டுவார். எக்ஸாஸ்ட் பைப், பெரிய கார்புரேட்டர், போர்ட்டிங் (சிலிண்டரின் வாய்களைச் செதுக்கிப் பெரிதாக்குவது), டைமிங் பிளேட் (தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் தகடு) என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். எதில் தொடங்குவது, எப்படிப் பராமரிப்பது என்று கேட்கிறார்.

தம்பி, அந்தப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். முதல் செலவு ஒரு ரப்பர் பல்பு, ஒரு சின்ன அழுத்தமானி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கும் ஒரு காலத்தில் பிடிக்கவில்லை. இரண்டு பிஸ்டன் போன பிறகுதான் பிடித்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் வண்டி. பேன்ஷி அமெரிக்கச் சந்தைக்கு 1987ல் வந்து 2006 வரை விற்பனையானது. 347 சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 64 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), தண்ணீரால் குளிரூட்டும் எஞ்சின், ஆறு கியர். ஆர்டி 350 எல்சி சாலை பைக்கின் வம்சம். ஆனால் பின்னால் வந்த ஆர்டிகளில் இருந்த பவர் வால்வு, அதாவது வேகத்துக்கு ஏற்ப எக்ஸாஸ்ட் வாயின் உயரத்தை மாற்றும் வால்வு, இதில் கிடையாது. அதனால்தான் கீழ் வேகத்தில் தூங்குவது போல இருந்து, பைப்பின் நேரம் வந்ததும் திடீரென்று எழுந்து ஓடுகிறது. அதே காலத்து ஹோண்டா டிஆர்எக்ஸ் 250ஆர், சுசூக்கி எல்டி 500ஆர் எல்லாம் நல்ல வண்டிகள்தான். ஆனால் அவை சில வருடங்களிலேயே நின்றுவிட்டன. பேன்ஷி எஞ்சின் இருபது வருடம் பெரிதாக மாறாமல் வந்ததால் உதிரிப் பாகம் இன்னும் தாராளம். நீங்கள் வாங்கியது தப்பில்லை.

ஆர்எக்ஸ்ஸெட்காரர்கள் பேன்ஷிக்கு மாறும்போது செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. ஆர்எக்ஸ்ஸெட்டில் 2டி எண்ணெய்க்கு (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய்) தனித் தொட்டி, தனிப் பம்ப். எண்ணெய் நிலையத்தில் பெட்ரோலை மட்டும் ஊற்றிவிட்டுக் கிளம்பிப் பழகிய கை அது. பேன்ஷியில் அந்தப் பம்ப் கிடையாது. பெட்ரோலிலேயே 2டி எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். கலக்காமல் ஊற்றினால் பிஸ்டனும் கிராங்க் பேரிங்கும் சில நிமிடத்தில் காலி. நான் 32க்கு 1 கலக்கிறேன். லிட்டருக்கு 31 மில்லிலிட்டர், ஐந்து லிட்டர் கேனுக்கு 156. மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சால் அளந்தால் கண்மதிப்புக்கு வேலை இல்லை. கலந்த கேனில் மார்க்கர் பேனாவால் தேதியோடு 'கலந்தது' என்று எழுதிவிடுங்கள். உங்களுக்காக இல்லை, நீங்கள் கழிவறைக்குப் போன நேரத்தில் உதவி செய்ய நினைக்கும் நண்பருக்காக.

இதிலேயே இன்னொரு குழப்பம். பயத்தில் எண்ணெயைக் கூட்டி ஊற்றினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை மாறவில்லை. அதன் வழியாகப் போகும் கலவையில் எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை, சூடு ஏறும். ஆகவே ஒரு விகிதத்தைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள். ஜெட் அமைப்பது அந்த விகிதத்தை வைத்துத்தான்.

சரி, ரப்பர் பல்புக்கு வருவோம்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையும் ஒரு பம்ப்தான். காற்றும் பெட்ரோலும் முதலில் அங்கேதான் வருகின்றன. அந்த அறையில் எங்காவது மயிரிழை ஓட்டை இருந்தாலும் கார்புரேட்டருக்குத் தெரியாமல் வெறும் காற்று உள்ளே போகும். எவ்வளவு பெரிய ஜெட் போட்டாலும் அந்தக் காற்றுக்குக் கணக்கு இல்லை. என் முதல் பேன்ஷியில் இதுதான் நடந்தது. சிலிண்டரைப் போர் செய்து (உள்ளே கடைந்து), புதுப் பிஸ்டன் போட்டு, பைப் மாட்டி, நாற்பது நிமிடம் ஓட்டினேன். இடது பிஸ்டன் ஜாம். ஜெட் சின்னது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பெரிய ஜெட், மறுபடியும் புதுப் பிஸ்டன், மறுபடியும் இடது பக்கமே ஜாம். வலது பிஸ்டனில் ஒரு கீறல் கூட இல்லை. இரண்டு சிலிண்டருக்கும் ஒரே ஜெட், ஒரே பெட்ரோல், அப்படியிருக்க ஒரே பக்கம் ஏன் சாகிறது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். பிளைவீலைக் கழற்றிப் பார்த்தால் அதன் பின்னால் இருக்கும் கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், காய்ந்த தோல் மாதிரி கல்லாகிக் கிடந்தது. பல வருடம் ஓடாமல் நின்ற வண்டி. சில வெள்ளி விலையுள்ள சாமான், அதற்கு இரண்டு பிஸ்டன் பலி.

சோதனை இப்படி. கார்புரேட்டர் இரண்டையும் பைப் இரண்டையும் கழற்றுங்கள். பிளக் இரண்டும் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் வாய் இரண்டையும் ரப்பர் அடைப்பால் இறுக்கமாக மூடுங்கள். கார்ப் உட்காரும் ரப்பர் குழாய் வாய்களில், அதாவது பூட்டுகளில், ஒன்றை அடைத்து, மற்றதில் பல்பையும் அழுத்தமானியையும் இணையுங்கள். இரண்டு பூட்டுக்கும் நடுவே ஒரு குழாய் ஓடுவதால் காற்று இரண்டு பக்கமும் போகும். ஆறு பிஎஸ்ஐ வரை மெல்ல ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி வீட்டில் இருந்தால் அதன் பல்பும் மானியுமே போதும். அந்த மானியின் 300 என்ற கோடு ஏறக்குறைய ஆறு பிஎஸ்ஐதான். என் அம்மாவின் கருவி இப்படித்தான் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறு நிமிடம் முள் அசையாமல் நின்றால் எஞ்சின் ஆரோக்கியம். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் அதை உதைத்துக் கிளப்பவே கூடாது. சோப்புத் தண்ணீரைச் சிலிண்டர் அடி கேஸ்கட்டிலும் பூட்டுகளைச் சுற்றியும் அந்த நடுக் குழாயிலும் தெளியுங்கள். இங்கே வெயிலில் அந்தக் குழாய் சீக்கிரம் வெடிக்கும். இடது பக்கச் சீலைப் பார்க்கப் பிளைவீலைக் கழற்ற வேண்டும், அதற்குரிய புல்லரால்தான், சுத்தியலால் இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வையுங்கள். குமிழி வந்தால் ஹெட்டில் ஒழுக்கு. வலது சீல் கிளட்ச் பக்கம் உள்ளே ஒளிந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கியர்பாக்ஸின் காற்றுக் குழாய் நுனியில் சோப்புத் தண்ணீரைப் பூசிப் பாருங்கள், குமிழி ஊதினால் அதுதான். ஓட்டும்போதும் அடையாளம் உண்டு. கியர் எண்ணெய் ஒழுகாமலே குறையும், வலது பைப்பில் வெள்ளைப் புகை விடாமல் வரும். வலது சீல் போனால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும், இடது சீல் போனால் காற்றைக் குடிக்கும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் சாகும் வரை வண்டி நன்றாகத்தான் ஓடும். சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதல் சுறுசுறுப்பாகவே ஓடும்.

அதோடு பிளக் ஓட்டையில் மானியை மாட்டிக் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து முள் ஏறி நிற்கும் வரை உதையுங்கள். யாரும் தொடாத எஞ்சினில் 120 பிஎஸ்ஐயை ஒட்டி வரும். அந்த அளவை விட முக்கியம், இரண்டு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம். பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது பெட்ரோலும் ஜெட்டும். இணையத்தில் கிடைக்கும் பேன்ஷி அறிவுரை பெரும்பாலும் அமெரிக்கர்கள் எழுதியது. அதை அப்படியே கூலாய்க்குக் கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, ஆக்டேன். அவர்கள் பம்பில் ஒட்டியிருக்கும் எண் வேறு கணக்கு. இரண்டு விதமாக அளந்த ஆக்டேன் எண்களின் சராசரி அது. நாம் பார்ப்பது அவற்றில் ஒன்றான ரான் (RON) மட்டும். அவர்களுடைய 93 நம் 98ஐ ஒட்டி வரும். 'எங்கள் 91 போதும்' என்று ஒருவர் எழுதினால், இங்கே 92 ரான் ஊற்றலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். அது 95, 96 ரானுக்குச் சமம். ஜோகூரில் 97 ரான் ஊற்றுங்கள். அங்கே 95ஐ வெளிநாட்டு வண்டிக்கு ஊற்ற 2010லிருந்தே தடை என்பது கடற்பாலம் தாண்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த வம்பும் இல்லை.

இரண்டாவது, காற்று. ஜெட் அட்டவணை குளிர்ந்த காற்றுக்கு எழுதப்பட்டிருக்கும். 15 டிகிரிக் காற்றை விட 32 டிகிரிக் காற்று ஆறு சதவீதம் அடர்த்தி குறைவு. நம் ஊர் ஈரப்பதம் இன்னும் இரண்டு மூன்று சதவீதத்தைத் தின்றுவிடும். ஆகவே அதே ஜெட் இங்கே கொஞ்சம் கொழுப்பாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக, ஓடும். நல்ல செய்தி என்னவென்றால், அமெரிக்கர் பனிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று ஜெட் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கு இருப்பதே ஒரு பருவம், அதில் மழை வரும், வராது. ஒருமுறை சரியாக வைத்தால் வருடம் முழுக்கக் கவலை இல்லை.

அமெரிக்க வண்டி 200 எண் மெயின் ஜெட் (முழு த்ராட்டிலுக்கு), 25 எண் பைலட் ஜெட்டோடு (கீழ் வேகத்துக்கு) வந்தது. பைப் மாட்டி ஏர்பாக்ஸ் (காற்று வடிகட்டிப் பெட்டி) மூடியையும் எடுத்தால் அந்த 200 பட்டினிதான். அப்படியே ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். 280 அளவில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். எப்போதும் பெரியதில் தொடங்கிச் சின்னதுக்கு, ஒருபோதும் சின்னதில் தொடங்கிப் பெரியதுக்கு இல்லை. பெரியது தப்பானால் எஞ்சின் திக்கும், பிளக் நனையும், அவ்வளவுதான். சின்னது தப்பானால் செலவு. த்ராட்டிலைத் திறக்கும்போது இரண்டு கார்ப் ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்புகின்றனவா என்று விரலை வைத்துத் தொட்டுப் பார்த்துக் கேபிளைச் சரிசெய்யுங்கள். ஒன்று பிந்தினால் ஒரு சிலிண்டர் இழுக்கும், மற்றது இழுபடும்.

பிளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் புதுப் பிளக் போட்டு, நேரான பாதையில் மேல் கியரில் முழு த்ராட்டிலில் சில நொடி ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்துங்கள். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து பார்க்கும் பிளக் பொய் சொல்லும். நுனியைப் பார்க்காதீர்கள், பீங்கானின் அடியில் உள்ளே விழுந்திருக்கும் வளையத்தின் நிறத்தைப் பாருங்கள். கோப்பி நிறம் நல்லது, பாலில்லாத கோப்பி என்றால் கொஞ்சம் கூடுதல், வளையமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் உடனே பெரிய ஜெட்.

இதெல்லாம் ஒழுங்கானால் பைப்பைப் பற்றிப் பேசலாம். பைப்பின் கூம்பில் பட்டுத் திரும்பும் அழுத்த அலை, வெளியே தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையை எக்ஸாஸ்ட் வாய் மூடுவதற்குள் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளுகிறது. அந்த அலை சரியான நேரத்துக்கு வருவது ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான், அதைத் தீர்மானிப்பது பைப்பின் நீளமும் வடிவமும். விளம்பரத்தில் பெரிய குதிரைசக்தி காட்டும் பைப்கள் மணல்மேட்டில் முழு த்ராட்டிலில் ஏறுபவர்களுக்காகச் செய்தவை. உங்களுக்கு மணல்மேடு எங்கே இருக்கிறது? செம்பனை வரிசைக்கு நடுவே, ஓலை கிடக்கும் பாதையில், இரண்டாவது மூன்றாவது கியரில் வளைந்து வளைந்து போகிறீர்கள். மேலே மட்டும் கத்தும் பைப்பை மாட்டினால் ஒன்று தூங்கும், இல்லாவிட்டால் முன்சக்கரத்தைத் தூக்கி மரத்தில் போடும். நடு வேகத்துக்கான பைப்பைக் கேட்டு வாங்குங்கள். உண்மையைச் சொன்னால், முதல் ஆறு மாதம் கம்பெனிப் பைப்பிலேயே ஓட்டி, பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிப் பாருங்கள். தோட்டத்தில் அந்த மாற்றமே உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

கிராங்க் அறைக்குள் போகும் கலவை திரும்பி வராமல் தடுக்கும் ரீட் வால்வு இதழ்களைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் உடைந்திருந்தாலோ கூடோடு ஒட்டாமல் தூக்கியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். நல்ல ரீட் போடுவது கீழ் வேகத்துக்கு உண்மையிலேயே உதவும். டைமிங் பிளேட்டில் நான்கு டிகிரி முன்தள்ளுவது அமெரிக்காவில் வாடிக்கை. த்ராட்டிலுக்குப் பதில் கூர்மையாகும், சூடும் கூடும். இந்த வெயிலில் நான் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். ஹெட்டை மாற்றி 150 பிஎஸ்ஐக்கு மேல் போனால் பம்பில் கிடைக்கும் பெட்ரோலை நம்ப முடியாது. பெரிய கார்ப் இப்போதைக்குத் தேவையே இல்லை, 26 மில்லிமீட்டர் இரண்டு இருக்கிறதே. போர்ட்டிங் கடைசி. வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

த்ராட்டில் ஒட்டிக்கொண்டால் தீப்பொறியைக் குறைக்கும் டார்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு கார்ப் மேலே இருக்கும். பழைய வண்டியில் அதன் சுவிட்ச் பழுதாகி எஞ்சின் திக்கும், ஆட்கள் ஜெட்டைக் குறை சொல்வார்கள். அதை எடுத்துவிடலாம், நானும் எடுத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கே கையில் கயிற்றோடு மாட்டும் கில் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். நீங்கள் விழுந்த பிறகு வண்டி தனியாகத் தோட்டத்துக்குள் போகக் கூடாது.

குளிரூட்டலில் நமக்கு ஒரு சலுகை. பாதிக்குப் பாதி கூலண்ட் என்பது பனி உறையும் நாட்டுக்காரர்களின் கணக்கு. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி. காய்ச்சி வடித்த தண்ணீரில் கால் பங்கு கூலண்ட் துருவுக்கும் பம்புக்கும் போதும். பேன்ஷிக்கு விசிறி கிடையாது, ஓடினால்தான் காற்று. செம்மண் சேறு ரேடியேட்டரில் காய்ந்தால் செங்கல் மாதிரி அடைத்துவிடும். ஓட்டி முடித்ததும் பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். அழுத்தம் அதிகம் வேண்டாம், தகடு மடங்கும்.

கிளம்பும் முன் ரேடியேட்டர் வெதுவெதுப்பாகும் வரை காத்திருங்கள். அடித்துச் செய்த பிஸ்டன் போட்டிருந்தால் இது இன்னும் முக்கியம். அது சிலிண்டரை விடச் சீக்கிரம் விரியும். பிஸ்டன் எப்போதாவது ஜாமானால் தூக்கிப் போடுவதற்கு முன் படியுங்கள். நான்கு மூலையிலும் கீறல் என்றால் சூடாக்காமல் முறுக்கியிருக்கிறீர்கள், அல்லது போர் இடைவெளி போதவில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பெட்ரோல் பட்டினி அல்லது காற்று ஒழுக்கு. பிஸ்டன் தலையின் ஓரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலப் புள்ளி புள்ளியாக இருந்தால் நாக்கிங், அதாவது கலவை முறையாக எரியாமல் வெடிப்பது. அப்போது ஆக்டேனையும் டைமிங்கையும் பாருங்கள். போர் செய்ய இடம் உண்டு, உள்ளே வார்ப்பிரும்பு லைனர். 64லிருந்து கால் கால் மில்லிமீட்டராக 66 வரை போகலாம். முதல் முறையே பெரிதாக வெட்டிவிடாதீர்கள்.

இந்த வேலை தெரிந்த கைகள் இங்கே குறைந்துகொண்டு வருகின்றன. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலையில் ஓட முடியாது. நம் ஆர்எக்ஸ்ஸெட்டோடு அதற்குப் போர் போட்ட அங்கிள்களும் கடையைச் சாத்துகிறார்கள். நான் ஜோகூரில்தான் போர் செய்கிறேன். ஒருமுறை வேறு வேலைக்காகச் சிலிண்டரைப் பையில் போட்டு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாக வந்தபோது, எக்ஸ்ரேயில் பார்த்த அதிகாரி பையைத் திறக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம், 'எந்த பைக்?' என்று கேட்டார். அவரிடமும் ஆர்எக்ஸ்ஸெட் இருந்ததாம்.

உங்களுக்கு உண்மையான எதிரி ஓட்டுவது இல்லை, ஓட்டாமல் நிறுத்துவது. பள்ளி விடுமுறை, பெருநாள் என்று கடற்பாலம் நெரிந்தால் ஆறு வாரம் கூடப் போக மாட்டீர்கள். கார்ப் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகி 2டி எண்ணெய் மட்டும் பிசினாகத் தங்கி, பைலட் ஜெட்டை அடைக்கும். ஆகவே ஊர் திரும்பும் முன் பெட்ரோல் குழாயை மூடிக் கிண்ணங்களை வடித்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் எஞ்சின் ஓடும்போதே கார்ப் வாயில் பாதுகாப்பு எண்ணெய் ஸ்ப்ரே அடித்து நிறுத்துங்கள். இந்த ஈரத்தில் லைனரும் கிராங்க் பேரிங்கும் துருப்பிடிக்க ஒரு மாதம் தாராளம். ஏர் பில்டர் ஸ்பான்ஜை ஒவ்வொரு முறையும் கழுவி, எண்ணெய் பூசி, பிழிந்து மாட்டுங்கள். இரண்டு வைத்திருந்தால் ஒன்று காயும்போது ஒன்று ஓடும்.

பின் ஆக்சில் நட்டுகளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பேன்ஷியில் அந்த இரட்டை நட்டு தளர்வது ஊரறிந்த வியாதி, திரெட்லாக் என்ற நட்டுப் பசை போட்டாலும் அடிக்கடி பார்க்க வேண்டும். செயின் தளர்ச்சியை வண்டி மேல் ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள், வெறும் வண்டியில் பார்த்த அளவு நீங்கள் ஏறியதும் இறுகிவிடும்.

அடுத்த முறை போகும்போது மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வாருங்கள்: இடது கம்ப்ரஷன், வலது கம்ப்ரஷன், ஆறு நிமிடத்தில் முள் எவ்வளவு இறங்கியது. ஹெட்டைக் கழற்ற வேண்டாம், எதையும் வாங்க வேண்டாம். அந்த மூன்று எண்களையும் அனுப்பினால் எந்தப் பைப் என்று பேசலாம்.